பாதி ஆன்டெனா உங்கள் கையில்: மலிவு விலை ஹேண்டி செட்டுக்கு ஆன்டெனாவை மேம்படுத்தும் முழுமையான வழிகாட்டி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். அதற்கு மேலே மொட்டைமாடி. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே நின்று, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையில் ஏறி நிற்கும் நண்பரைக் கூப்பிடுவது என் வழக்கம். இடையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டர் நிலையம் நடுவில் கிடையாது, செட்டுக்குச் செட் நேருக்கு நேர், அதாவது சிம்ப்ளெக்ஸ். என் கையில் பாஃபெங் யு.வி-5ஆர் என்ற மலிவு விலைக் கையடக்க ரேடியோ (ஹேண்டி), அதோடு பெட்டியில் வந்த கட்டை ரப்பர் ஆன்டெனா. நண்பர் காதில் விழுவது பெரும்பாலும் இரைச்சல்தான். இடையிடையே என் கால்சைனின் (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறியீட்டின்) கடைசி இரண்டு எழுத்து மட்டும் தேறும்.

ஒரு ஞாயிறன்று செட்டையும் மாற்றவில்லை, ஆன்டெனாவையும் மாற்றவில்லை. 49 சென்டிமீட்டர் ஒயர் ஒன்றை ஆன்டெனாவின் அடியில் மாட்டித் தொங்கவிட்டுக் கூப்பிட்டேன். "அண்ணே, இப்ப என்ன பண்ணீங்க? உங்க மாடியில காக்கா கத்துறதுகூடக் கேக்குது" என்றார்.

அந்த ஒயரின் விலை ஒரு டீக்கும் குறைவு. புதிதாக ஹேண்டி வாங்கிய எல்லோரும் முதலில் கேட்பது "எந்த ஆன்டெனா வாங்கலாம்?" என்பதைத்தான். அதற்கும் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. அவற்றைச் செய்யாமல் விலை கூடிய கம்பியை மாட்டினால், அதன் பலனில் பாதிகூடக் கையில் வராது.

உரிமம் முதலில்

யு.வி-5ஆர் போன்ற செட்டை நம் நாட்டில் வைத்திருக்கவே அமெச்சூர் ரேடியோ (ஹாம்) உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையில் வானலை உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை எழுத 12 வயது நிறைந்திருந்தால் போதும். பெங்களூரில் 1959 முதல் இயங்கும் பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப்பை அணுகினால், தேர்வுக்கு வழிகாட்டும் மூத்தவர்கள் கிடைப்பார்கள். உரிமம் வந்த பின்னும் நமக்கான எல்லை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸும்தான். இந்தச் செட் அதற்கு வெளியிலும் ஒலிபரப்பும். ஒலிபரப்பும் என்பதற்காக அங்கே பட்டனைத் தொடக்கூடாது. அந்த அலைவரிசைகளில் காவல்துறையும் தீயணைப்பும் வேலை செய்துகொண்டிருக்கும்.

446 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகள் வேறு வகை. ஆன்டெனாவும் சக்தியும் வரம்புக்குள் இருப்பதால்தான் அவற்றுக்கு அந்தச் சலுகை. அவற்றின் ஆன்டெனாவில் கை வைக்காதீர்கள். இந்த வழிகாட்டி அவற்றுக்கானது அல்ல.

கட்டை ஆன்டெனா ஏன் தடுமாறுகிறது

145 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்கு 51.7 சென்டிமீட்டர். கம்பியில் அலை முனைக்கு வரும்போது ஏற்படும் விளைவைக் கழித்தால், வெட்ட வேண்டிய நீளம் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். இதுதான் கால் அலை ஆன்டெனா. பெட்டியில் வரும் ரப்பர் ஆன்டெனாவுக்குள் ஒரு கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் அடைத்திருக்கிறார்கள். அது 145-இல் ஒத்திசையும். ஆனால் குறுகிய அகலத்தில்தான் ஒத்திசையும், கொடுத்த சக்தியில் கணிசமான பகுதியைச் சூடாக விழுங்கிவிடும்.

இது பாதிக் கதைதான். எந்த ஆன்டெனாவுக்கும் இரண்டு கைகள் வேண்டும். மின்னோட்டம் மேலே உள்ள கம்பியில் ஏறும்போது, அதற்குச் சமமான மின்னோட்டம் எதிர்ப்பக்கம் எங்காவது ஓடியாக வேண்டும். கார் கூரையில் வைத்த ஆன்டெனாவுக்கு அந்தக் கூரைத் தகடு இரண்டாவது கை. கையில் பிடிக்கும் செட்டுக்கு? உள்ளே இருக்கும் உள்ளங்கை அளவு உலோகச் சட்டமும், அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும், கையைத் தொடர்ந்து உடம்பும். உடம்பு உப்புத் தண்ணீர் நிறைந்த பை. அலையைக் கடத்துவதைவிட உறிஞ்சுவதில் அது கெட்டிக்காரன். அதனால்தான் அதே செட்டை இடுப்பு பெல்ட்டில் மாட்டி ஸ்பீக்கர் மைக்கில் பேசினால் ஒலி மங்குகிறது. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தெளிகிறது. செலவே இல்லாத முதல் மேம்பாடு இதுதான்: செட்டை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள், ஆன்டெனா நெட்டுக்குத்தாக நிற்கட்டும், வாயிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும்.

படி 1: இப்போது இருப்பதை அளந்து வையுங்கள்

ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், மாற்றத்துக்குப் பிறகு மனசு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும். யு.வி-5ஆர் திரையில் தெரியும் சிக்னல் பட்டையை நம்பாதீர்கள். அது ஒன்று முழுதாக எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும், இடைநிலை தெரியாது. காதுதான் இங்கே கருவி.

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைப்பது ஸ்கெல்ச்; மெனு 0-இல் அதை 0 ஆக்குங்கள். அல்லது பேசும்போது அழுத்தும் பி.டி.டி. பட்டனுக்குக் கீழே உள்ள பட்டனை அழுத்திப் பிடியுங்கள். இப்போது இரைச்சல் முழுதாகத் திறக்கும். நன்றாகக் கேட்கும் நிலையத்தை இதற்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது, எஃப்.எம்.மில் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் எல்லாமே ஒரே தெளிவாகத்தான் இருக்கும், வித்தியாசம் தெரியாது. இரைச்சலும் பேச்சும் கலந்து, வார்த்தை பிடிபடுமா பிடிபடாதா என்ற விளிம்பில் இருக்கும் சிக்னல் வேண்டும். தூரத்து ரிப்பீட்டர் ஒன்று அப்படிக் கிடைத்தால் அதுவே போதும். எனக்கு ஓசூர் நண்பர் கிடைத்தார்.

நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். மாடியில் அரை அடி நகர்ந்தாலே எதிரொலிகள் சேர்ந்தும் கழிந்தும் சிக்னல் ஏறி இறங்கும். குறித்த இடத்தில் நின்று, ஒரு ஆன்டெனாவில் பத்து நொடி, அடுத்ததில் பத்து நொடி, திரும்ப முதலாவதில் பத்து நொடி. எதிர்முனையில் இருப்பவர் ஒன்று முதல் பத்து வரை எண்ணட்டும். எத்தனை எண் பிடிபட்டது என்று எழுதிவையுங்கள். பிறகு நீங்கள் எண்ணுங்கள், அவர் எழுதட்டும். கேட்பதிலும் பேசுவதிலும் தனித்தனியாகக் குறிப்பு வேண்டும். ஏன் என்பது படி 6-இல் வரும்.

படி 2: வால் கட்டுங்கள்

ஹாம்கள் இதைப் புலிவால் என்பார்கள். செட்டுக்கு இல்லாத இரண்டாவது கையை ஒரு ஒயரால் கொடுப்பது.

தேவை: வளைந்து கொடுக்கும் பல இழைச் செம்பு ஒயர் அரை மீட்டருக்குச் சற்று அதிகம், 6 மில்லிமீட்டர் போல்டுக்கான வளைய லக் ஒன்று, சுருங்கும் ஸ்லீவ் இரண்டு அங்குலம். யு.வி-5ஆர் ஆன்டெனாவின் அடியில் வெளிமரையுள்ள சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் விட்டம் 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் லக்கின் துளை அதைவிட ஒரு மயிரிழை பெரியது, கச்சிதமாக உட்காரும்.

ஒயர் முனையை லக்கில் வைத்து கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), மேலே கொஞ்சம் சால்டரும் விடுங்கள். லக்கின் துளை நடுவிலிருந்து அளந்து 49 சென்டிமீட்டரில் வெட்டுங்கள். வெட்டிய முனையை ஸ்லீவால் மூடுங்கள். இது அழகுக்காக அல்ல: ஒலிபரப்பும்போது அந்த நுனியில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெறும் செம்பு தோலில் பட்டால் சுருக்கென்று இருக்கும்.

இப்போது ஆன்டெனாவைக் கழற்றி, லக்கை அதன் மரையில் மாட்டி, திரும்பத் திருகுங்கள். இங்கேதான் கவனம். சில லக்குகள் தடிமன் அதிகம். செட்டின் மேல்புறக் குழியின் விளிம்பில் அது இடித்தால் ஆன்டெனா முழுதாக இறங்காது. நடுப்பின் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். திருகி முடித்ததும் ஆன்டெனாவை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் லக்கின் ஓரத்தை அரத்தால் ராவி மெலிதாக்குங்கள், அல்லது சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். என் லக்கை மூன்று முறை ராவிய பிறகுதான் அது குழிக்குள் இறங்கியது.

வால் நேராகக் கீழே தொங்க வேண்டும், கையில் சுற்றக்கூடாது. தொங்கும்போது மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி என்று இரண்டு கையும் உள்ள முழு ஆன்டெனா ஆகிவிடுகிறது. 435 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 16.4 சென்டிமீட்டர், அதன் மூன்று மடங்குதான் 49. ஆகவே இதே வால் அங்கேயும் ஓரளவு வேலை செய்யும். இந்த 435 பக்கம், அதாவது யு.எச்.எஃப்.பில், அதிகம் பேசுபவர்கள் அதே லக்கில் 16.4 சென்டிமீட்டர் ஒயர் இன்னொன்றையும் சேர்த்துக் கிரிம்ப் செய்துகொள்ளலாம்.

படி 3: புது ஆன்டெனா வாங்கும் முன் மரையைப் பாருங்கள்

பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோடு கடைகளில் சனிக்கிழமை மாலை நின்று பேசி வாங்க முடியாது, கூட்டம் தள்ளும். போவதற்கு முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த இணைப்புக்குப் பெயர் எஸ்.எம்.ஏ. பாஃபெங் செட்டின் பக்கம் உள்மரை, நடுவில் பின். ஆகவே ஆன்டெனாவின் பக்கம் வெளிமரை, நடுவில் துளை. கடையில் இதை எஸ்.எம்.ஏ. ஃபீமேல் என்று கேட்க வேண்டும். யேசு நிறுவனத்தின் செட்டுகளில் இது தலைகீழ்: செட்டில் வெளிமரையும் துளையும், ஆன்டெனாவில் உள்மரையும் பின்னும்.

இதில் ஒரு பொறி உண்டு. வைஃபை ரவுட்டர்களுக்காக வந்த இன்னொரு வகை இருக்கிறது, ஆர்.பி-எஸ்.எம்.ஏ. மரை அதேதான், பின்னும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். யேசு செட்டில் வைஃபை ஆன்டெனாவைத் திருகினால் அழகாக உட்காரும், ஆனால் துளைக்கு எதிரே துளை; நடுவில் தொடர்பே இருக்காது. பாஃபெங்கில் அதைவிட மோசமானது நடக்கும், எனக்கே நடந்தது. எஸ்.எம்.ஏ.வை பி.என்.சி. என்ற வேறு வகை இணைப்பாக மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கினேன். கடைப் பையன் "எல்லாம் ஒண்ணுதான் சார், திருகிப் பாருங்க" என்றான். வெளிமரை சரியாக இருந்தது, திருகினேன். கடைசி ஒரு சுற்றில் இறுக்கம் தெரிந்தது. மரை புதுசு என்று நினைத்து அழுத்திவிட்டேன். கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தால் செட்டின் நடுப்பின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடாப்டரின் நடுவிலும் ஒரு பின். பின்னோடு பின் மோதியிருக்கிறது. சாய்ந்ததைத் தையல் ஊசியால் மெல்ல நிமிர்த்தினேன், பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் போன் வெளிச்சத்தில் நடுவைப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. வெளிமரை என்றால் நடுவில் துளை இருக்க வேண்டும். பின் தெரிந்தால் அது ரவுட்டர் சாமான்.

அடிக்கடி ஆன்டெனா மாற்றுபவர்களுக்கு அந்த பி.என்.சி. அடாப்டரைத்தான் பரிந்துரைப்பேன், சரியான வகையாகப் பார்த்து. எஸ்.எம்.ஏ. இணைப்பு பொதுவாக 500 தடவை மாட்டிக் கழற்றுவதற்கானது. பி.என்.சி. என்றால் கால் சுற்றில் மாட்டலாம், செட்டின் மரை தேயாது. அடாப்டரின் அடியில் செட்டின் தலையோடு ஒட்டி உட்காரும் அகலமான விளிம்பு உள்ளதாகப் பாருங்கள். நீளக் கம்பி நெம்புகோல் மாதிரி. அதன் இழுப்பு முழுவதும் உள்ளே சர்க்யூட் போர்டின் சால்டரில்தான் போய் விழும். விளிம்பு இருந்தால் அந்த இழுப்பைச் செட்டின் உடல் தாங்கிக்கொள்ளும். எந்த ஆன்டெனாவாக இருந்தாலும் அதைப் பிடித்துச் செட்டைத் தூக்காதீர்கள்.

படி 4: எந்தக் கம்பி?

கடைகளில் அதிகம் புழங்குவது தைவானின் நாகோயா என்.ஏ-771, இல்லாவிட்டால் அதன் நகல். 39 சென்டிமீட்டர் நீளம், வளையும் மெல்லிய கம்பி. நல்லது ஒன்று கிடைத்தால் ரப்பர் ஆன்டெனாவோடு ஒப்பிடவே வேண்டாம். நகல்களில் சில வேலை செய்யும், சில பெட்டியில் வந்ததைவிட மோசம். பெயரை வைத்துச் சொல்ல முடியாது, படி 1-இல் சொன்ன சோதனைதான் சொல்லும். மல்டிமீட்டரை வைத்து நடுவும் வெளியும் ஷார்ட் ஆகிறதா என்று பார்ப்பது இதற்கு உதவாது. உள்ளே பொருத்தச் சுருள் உள்ள நல்ல ஆன்டெனாவும் ஷார்ட் காட்டும். அது பழுது அல்ல.

என் சொந்தத் தேர்வு டெலஸ்கோப்பிக். இழுத்தால் நீளும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கம்பிதான், பி.என்.சி. முனையோடு. 49 சென்டிமீட்டருக்கு இழுத்தால் 145-க்குக் கால் அலை; 16.4-க்குச் சுருக்கினால் 435-க்கு. சுருள் கிடையாது, விழுங்கும் இழப்பு கிடையாது. எத்தனை கணு இழுத்தால் எந்த நீளம் என்று ஸ்கேலால் அளந்து, கணுவில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குறை என்னவென்றால் பஸ்ஸிலும் மரக்கிளையிலும் மாட்டி முறியும். நடந்துகொண்டே பேச இது ஆகாது. மாடியில், பாறையில், பார்க் பெஞ்சில் நின்று பேச இதைவிடச் சிறந்தது இல்லை.

90 சென்டிமீட்டருக்கு மேல் நீளும் அரை அலைக் கம்பிகளும் உண்டு. அரை அலைக்கு அடியில் மின்னோட்டம் குறைவு என்பதால் இரண்டாவது கையை அது அதிகம் கேட்பதில்லை, வால் இல்லாமலே நன்றாக ஓடும். ஆனால் கையடக்கச் செட்டின் தலையில் ஒரு மீட்டர் கம்பி நின்றால் இணைப்புக்குத்தான் வலி. கம்பியின் அடியை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

கால் அலைக் கம்பி எதை வாங்கினாலும் வாலைக் கழற்றாதீர்கள். என் ஒப்பீடுகளில் வால் கட்டிய ரப்பர் ஆன்டெனா, வால் இல்லாத நீளக் கம்பியை எட்டிப் பிடித்த நாட்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஓசூர் நண்பர் பத்துக்குப் பத்து எண்ணினார்.

படி 5: நானோ வி.என்.ஏ. உள்ளவர்களுக்கு

இது ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி. அதன் முனையிலும் ஆன்டெனாவிலும் ஒரே வகை வெளிமரை என்பதால், இரண்டு பக்கமும் உள்மரை உள்ள இணைப்பி ஒன்று தேவைப்படும். 140 முதல் 150 வரை வரம்பு வைத்து, ஓபன், ஷார்ட், லோடு என்ற மூன்று சோதனை முனைகளையும் மாட்டி அளவுத்திருத்தம் செய்தபின் பாருங்கள். மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஒன்று காட்டும், கையில் எடுத்தால் வேறொன்று காட்டும். கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது கை மாறுகிறது, அதனால் அளவும் மாறுகிறது. ஆகவே செட்டைப் பிடிப்பதுபோலவே பிடித்து, வாலை மாட்டி, அப்படியே அளவெடுங்கள். ஆன்டெனா எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் அளவு எஸ்.டபிள்யூ.ஆர். அது 2 என்றால் திரும்பி வருவது 11 சதவீதம்தான், காதுக்கு அது தெரியவே தெரியாது. 3-ஐத் தாண்டி 25 சதவீதத்துக்கு மேல் போனால் மட்டும் நீளத்தையும் இணைப்பையும் மறுபடி பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதாலேயே ஆன்டெனா நல்லது என்று ஆகிவிடாது. சக்தி முழுவதையும் சூடாக்கும் டம்மி லோடும் 1 என்றுதான் காட்டும்.

படி 6: நீளம் கூட்டியதும் காது மந்தமானால்

பெங்களூர் மாதிரி ஊரில் இதைக் கட்டாயம் எதிர்பாருங்கள். புதுக் கம்பியில் நீங்கள் பேசுவது மற்றவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் உங்களுக்கு ரிப்பீட்டர் முன்பைவிட மோசமாகக் கேட்கிறது. கட்டை ஆன்டெனாவுக்குத் திரும்பினால் தெளிகிறது. இதனால்தான் கேட்பதையும் பேசுவதையும் தனித்தனியாக எழுதச் சொன்னேன்.

காரணம் செட்டுக்குள்ளே இருக்கிறது. இந்த மலிவு செட்டுகளில் ரேடியோ வேலையெல்லாம் ஒரே சிப்பில் நடக்கிறது. அதற்கு முன்னால் வேண்டாத அலைகளைத் தடுக்கும் வடிகட்டி மிகச் சிறியது. ஊர் முழுக்க 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்.எம். ஒலிபரப்புகள், மாடிக்கு மாடி செல்பேசிக் கோபுரங்கள். நல்ல ஆன்டெனா நமக்கு வேண்டியதோடு இவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது. சிப் திணறி, பலவீனமான சிக்னலைக் கோட்டைவிடுகிறது.

ஆன்டெனாவை மேலும் நீட்டுவதால் இது தீராது. கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டியோ படிக்கட்டு அறையோ வரும்படி நின்று பாருங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகும். டெலஸ்கோப்பிக் என்றால் கேட்கும்போது இரண்டு கணு சுருக்கலாம். எஃப்.எம். தடுப்பு வடிகட்டி வாங்கி நடுவில் மாட்டலாம். ஆனால் கணினியில் மாட்டிக் கேட்கும் ரேடியோவுக்காக விற்கும் வடிகட்டிகள் கேட்பதற்கு மட்டுமானவை. அவற்றின் வழியே 5 வாட் ஒலிபரப்பினால் கருகிவிடும்.

படி 7: மொட்டைமாடிக்கு ஒரு கிரவுண்ட் பிளேன்

கையில் பிடிப்பதன் எல்லையைத் தொட்டபின் அடுத்த தாவல் உயரம்தான். ரேடியோ தொடுவானத்துக்கு ஒரு கணக்கு உண்டு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். தெருவில் நிற்கும் ஆளின் கையில், ஒன்றரை மீட்டரில், 5 கிலோமீட்டர். 16 மீட்டர் உயர மாடியில் 16.5 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் 1,478 மீட்டர் உள்ள நந்தி மலை, பெங்களூர் தரையைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரம். அங்கே நின்றால் தொடுவானம் 90 கிலோமீட்டரைத் தாண்டும். அங்கிருந்து கட்டை ஆன்டெனாவே ஊர் முழுதும் கேட்கும் காரணம் அதுதான்.

கிரவுண்ட் பிளேன் என்பது நடுவில் நிமிர்ந்த ஒரு கம்பி, அதன் அடியில் இரண்டாவது கையாக நாலு கம்பி. செய்முறை. எஸ்.ஓ-239 என்ற சதுர அடிப்பலகை சாக்கெட் ஒன்று, நாலு மூலையிலும் துளை உள்ளது. 2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி மூன்று மீட்டர். 3 மில்லிமீட்டர் போல்ட்-நட் நாலு. பித்தளை கம்பிக்கடையில் எடைக்குக் கிடைக்கும்.

நடுக்கம்பியை 51 சென்டிமீட்டருக்கு வெட்டி, சாக்கெட்டின் நடுக்குழியில் நிறுத்திச் சால்டர் செய்யுங்கள். சாதாரண 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. கம்பி சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், சால்டர் உருண்டையாகத் திரளும். 60 வாட்டாவது வேண்டும், கம்பி நுனியை உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்திருக்க வேண்டும். நாலு கீழ்க்கம்பிகளை 52 சென்டிமீட்டரில் வெட்டி, நுனியை வளையமாக வளைத்து, மூலைத் துளைகளில் போல்ட் போடுங்கள். பிறகு நாலையும் குடைக்கம்பி மாதிரி 45 பாகை கீழே சாயுங்கள். படுக்கையாக விட்டால் ஆன்டெனாவின் மின்மறுப்பு 36 ஓம் பக்கம் நிற்கும். இப்படிச் சாய்த்தால் செட் எதிர்பார்க்கும் 50 ஓமுக்கு வரும்.

இனி நடுக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் குறைத்தால் ஒத்திசைவு ஏறத்தாழ 1.45 மெகாஹெர்ட்ஸ் மேலேறும். ஒத்திசைவு 145-க்குப் பதில் 141-இல் நின்றால் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதில் பாதியை மட்டும் முதலில் வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. முடிந்ததும் நுனியைச் சிறு வளையமாக்குங்கள் அல்லது ரப்பர் மூடி போடுங்கள். மாடியில் குழந்தைகள் விளையாடினால் கண்ணைக் காக்கும்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்.ஜி-58 பத்து மீட்டர் ஓடினால், 145-இல் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். 435-இல் பாதிக்கு மேல். ஆகவே கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருக்கட்டும், முடியாவிட்டால் தடித்த கேபிள். தடித்த கேபிளை நேராகச் செட்டில் மாட்டாதீர்கள், மெல்லிய ஆர்.ஜி-316 துண்டு ஒரு சாண் நடுவில் இருக்கட்டும். ஆன்டெனாவின் அடியில் கேபிளை ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டினால், கேபிளின் வெளித்தோல் தானும் ஆன்டெனாவாக நடந்துகொள்வது குறையும். இணைப்பு முழுதையும் தண்ணீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். மழைநீர் கேபிளுக்குள் ஏறினால் கேபிளையே மாற்ற வேண்டிவரும்.

பி.வி.சி. குழாயில் நிறுத்தி, மின்கம்பிகளிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கட்டுங்கள். குழாய் சாய்ந்து விழுந்தாலும் எந்த ஒயரிலும் படாத தூரம் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் இங்கே இடி வரும். மேகம் கறுத்ததுமே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி, ஆன்டெனாவைக் கீழே இறக்கிவிடுங்கள்.

வானத்தில் ஒரு சோதனை

எல்லாம் முடிந்தபின் உங்கள் கையடக்கச் செட்டுக்கு வைக்கக்கூடிய நல்ல பரீட்சை, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்குமேல் கடக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம். இந்த ஊருக்கு விண்வெளியும் ஹாம் ரேடியோவும் புதிதல்ல. 2005 மே 5-ஆம் தேதி பி.எஸ்.எல்.வி-சி6 ஏற்றிச்சென்ற ஹாம்சாட், 42.5 கிலோ எடையோடு இந்திய ஹாம்களுக்காகவும் உலக ஹாம்களுக்காகவும் இஸ்ரோ செய்த செயற்கைக்கோள். 2014 வரை வேலை செய்தது. அது எஸ்.எஸ்.பி. என்ற வேறு ஒலிபரப்பு முறை உள்ள செட்டுகளுக்கானது. விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரோ எஃப்.எம்., நம் செட்டிலேயே கேட்கலாம். அது இறக்கும் அலைவரிசை 437.800. எல்லா நாளும் ஓடாது; ஓடும் நாளில், நிலையம் உயரமாகக் கடக்கும் வேளையைப் பார்த்து மாடிக்குப் போங்கள்.

ஐந்து சேனல்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: 437.810, 437.805, 437.800, 437.795, 437.790. நெருங்கி வரும்போது டாப்ளர் விளைவால் அலைவரிசை ஏறித் தெரியும், விலகும்போது இறங்கும். அதே வரிசையில் கீழே வாருங்கள். டெலஸ்கோப்பிக்கை 16.4 சென்டிமீட்டருக்குச் சுருக்குங்கள், சின்ன வாலை மாட்டுங்கள், ஸ்கெல்ச் 0. ஒரு கடப்பு அதிகபட்சம் பத்து நிமிடம்.

ஆன்டெனாவின் நுனியை நிலையத்தை நோக்கி நீட்டாதீர்கள். கம்பி தன் நுனித் திசையில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். நிலையம் எங்கே இருக்கிறதோ அந்தத் திசைக்குக் கம்பியின் பக்கவாட்டைக் காட்டி, இரைச்சல் குறையும்வரை மணிக்கட்டை மெதுவாகத் திருப்புங்கள். குரல் தெளிந்த கோணத்தில் அப்படியே நிறுத்துங்கள். அரை நிமிடத்தில் மறுபடி மங்கும், மறுபடி திருப்புங்கள்.